தண்ணி லாரித் தொட்டியும் நம்ம குழுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். போன மாதக் கூட்டத்தில், "உங்க வீட்ல லாரிக்குத் தொட்டி செய்றீங்களே, அதைப் பத்திப் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தவங்க எல்லாம் ஊறுகாய், அப்பளம், தையல்னு பேசுவாங்க. நான் இரும்பைப் பத்தியாக்கா பேசுறது?" என்று கேட்டேன். "அந்தத் தொட்டியில வர்ற தண்ணியைத்தானே நாம எல்லாரும் குடிக்கிறோம், பேசு" என்றார். அது சரியாகத்தான் பட்டது. அதனால் வந்திருக்கிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நாங்கள் முடிச்சூர் பக்கம். எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. மாடியில் நின்றுகொண்டு, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தோம். அடுத்த நாலு வருஷத்தில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு போனது. ஒரே ஊர்தான். ஒரு வருஷம் தண்ணி ஜாஸ்தி, ஒரு வருஷம் தண்ணியே இல்லை. ரெண்டு தடவையும் தெருவுக்குள் வந்தது தண்ணி லாரிதான்.

எங்க வீட்டுக்காரர் வெல்டிங் வேலை செய்கிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லாரிக்குத் தொட்டி செய்யும் ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தார். பட்டறையின் பேர் வேண்டாம். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது, "தொட்டிக்குள்ள மயங்கி விழுந்துட்டாரு, வாங்க" என்று. ஓடினேன். வெளியில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது. பேச்சு வர அரை மணி நேரம் ஆனது. உள்ளே உட்கார்ந்து வெல்டிங் அடித்திருக்கிறார். காற்றாடி ஓடவில்லை. வெளியில் ஆள் இல்லை. ஹெல்ப்பர் பையன் ராடு எடுத்துக்கொடுக்க எட்டிப் பார்த்ததால் பிழைத்தார். அன்று ராத்திரி, "நீங்க செத்தா எனக்கு யாருங்க? இனிமே அங்க போக வேணாம்" என்று அழுதேன். "போகலைன்னா சோறு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் குழுவில்தான் கிடைத்தது.

எங்கள் குழுவில் 12 பேர். நான்தான் கணக்கு எழுதுகிறேன். உள்கடனாகக் கொஞ்சமும், வங்கிக் கடனில் என் பங்காகக் கொஞ்சமும் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் ஷீட் போட்டு, வெல்டிங் மிஷினும் கட்டிங் மிஷினும் வாங்கினோம். அது 2018 கடைசி. தகட்டை வளைக்கும் ரோல் எங்களிடம் இல்லை. அதற்கு மட்டும் வெளியில் கொடுத்து, நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தோம். வால்வு, பைப் சாமான் வாங்க தாம்பரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி செம்புதாஸ் தெருவுக்கு நானே போவேன். முதல் தடவை கடைக்காரர், "ஆம்பள ஆளு வரலையாம்மா?" என்றார். மூன்றாவது தடவை, "என்ன சைஸும்மா?" என்றார்.

ஒரு தொட்டி எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தண்ணி லாரித் தொட்டிக்குச் சாதாரண இரும்புத் தகடுதான், 4 எம்.எம். அல்லது 5 எம்.எம். கனம். எட்டடிக்கு நாலடித் தகடு 4 எம்.எம். என்றால் ஒன்று சுமார் 93 கிலோ. அதை ரோலில் கொடுத்து வளைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, முதலில் அங்கங்கே புள்ளி வைத்தது மாதிரி வெல்டு வைப்பார்கள். எல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டு. உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை. இரண்டு முனைக்கும் மூடி. மேலே ஆள் இறங்க ஒரு வாய், அடியில் வால்வு, கழுவி விட ஒரு குழாய், பின்னால் ஏணி. கடைசியில் லாரி சேசிஸ் மேல் உட்கார வைத்து யூ போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

பாதித் தொட்டி ஏன் முட்டை மாதிரி இருக்கிறது, பெட்டி மாதிரி செய்தால் சுலபம்தானே என்று நான் கேட்டேன். "பெட்டி பண்ணா பக்கம் எல்லாம் தொப்பை தள்ளும், மூலையில வெடிப்பு விடும். வளைஞ்ச தகடு தண்ணி பாரத்தைச் சமமா வாங்கிக்கும்" என்றார். முழு வட்டமாகச் செய்தால் இன்னும் பலம். ஆனால் அதே அளவு தண்ணிக்கு உயரம் கூடும். உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும். அதனால்தான் அகலமாக, உயரம் குறைவாக, முட்டை வடிவம்.

இன்னொரு முக்கியமான விஷயம் வெளியில் தெரியாது. தொட்டிக்குள்ளே குறுக்கே தடுப்புத் தகடு இருக்கும். அடியிலும் மேலேயும் தண்ணி போக வழி விட்டு, நடுவில் மறிக்கிற மாதிரி வைப்பார்கள். எதற்கு? நம்ம பாட்டிமார் தவலையில் தண்ணி தூக்கி வரும்போது மேலே ஒரு இலைக்கொத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள், பார்த்திருக்கிறீர்களா? தண்ணி தளும்பாமல் இருக்க. அதே வேலைதான். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 12,000 லிட்டர் என்றால் 12 டன். முழுசா நிரம்பின தொட்டியை விட, பாதித் தொட்டிதான் ஆபத்து. டிரைவர் பிரேக் போட்டால் லாரி நிற்கும், தண்ணி நிற்காது. ஆறு டன் தண்ணி மொத்தமாக முன்னால் போய் முட்டும். வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கும். தெருவுக்குள் தண்ணி லாரி வருதுன்னா பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறோமே, அந்த பயத்தில் பாதி இந்தத் தடுப்புத் தகடு சம்பந்தப்பட்டது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

2019 மார்ச் மாதம். கோடை ஆரம்பம். கிணறுகள் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. லாரிக்காரர்களுக்கு நல்ல கிராக்கி. ஒருவர் வந்தார். புதிதாக லாரி எடுத்திருக்கிறார், தொட்டி வேண்டும் என்றார். எங்களுக்கு அதுவரைக்கும் கேட், கிரில், ஓட்டைத் தொட்டிக்கு ஒட்டு என்று சில்லறை வேலைதான். இதுதான் முதல் பெரிய வேலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

அவர் ஒரு சீட்டில் அளவு எழுதிக் கொடுத்தார். அகலம் 7 அடி, உயரம் 5 அடி, நீளம் 14 அடி. "வெளியில 12,000 லிட்டர்னு எழுதிடுங்க. உள்ள தடுப்பு வேணாம், வெயிட்டு கூடும்" என்றார். முன்பணம் நாளைக்குத் தருகிறேன் என்று போய்விட்டார்.

அன்று சாயந்திரம் என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாவதில் கணக்கில்தான் நல்ல மார்க். உருளை, கூம்பு, கோளம் எல்லாம் போட்டிருக்கிறேன். முட்டை வடிவத்துக்குக் கணக்கு எப்படி என்று அவரைக் கேட்டேன். பட்டறையில் போடுகிற கணக்கைச் சொன்னார். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி, ரெண்டையும் பெருக்கி 22/7 ஆல் பெருக்கு. மூன்றரை, இரண்டரை. வந்தது 27.5 சதுர அடி. அதை நீளம் 14 ஆல் பெருக்கினேன், 385 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 10,895 லிட்டர்.

மறுபடியும் போட்டேன். அதேதான் வந்தது. மகளைப் போடச் சொன்னேன். அவளுக்கும் அதேதான்.

"என்னங்க, இது 12,000 இல்லையே. 1,100 லிட்டர் குறையுதே. 12,000 வேணும்னா நீளம் பதினஞ்சரை அடி வரணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும். அப்படித்தான் சில பேர் கேப்பாங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள் அக்கா. ஒன்றரை அடி நீளம் குறைத்தால் லாரிக்காரருக்கு மிச்சம் ஒரே ஒரு தகடு. தடுப்பு வேண்டாம் என்றால் இன்னும் ஒன்றோ, ஒன்றரையோ தகடு. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் 1,100 லிட்டர் தண்ணி கொடுக்காமலே காசு வாங்கலாம். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் 73 குடம். ஒரு நாளைக்கு ஐந்து நடை ஓடினால் 5,500 லிட்டர். ரெண்டு நாளைக்கு ஒரு லோடு தண்ணி சும்மா. அந்த 73 குடம் யாருடையது? லாரி எந்தத் தெருவுக்கு வருகிறதோ அந்தத் தெருப் பெண்களுடையது. நாளைக்கு அது எங்கள் தெருவுக்கே வரும். எங்கள் கையால் செய்த தொட்டியில் எங்களையே ஏமாற்றிக்கொள்வதா?

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் லாரிக் கடன் இருக்கும், டீசல் விலை இருக்கும், கிணத்துக்காரருக்குக் காசு கொடுக்கணும். ஆனால் அவர் கஷ்டத்துக்கு நம்ம குடத்தில் கை வைக்கக் கூடாது இல்லையா?

மறுநாள் வந்தார். நான்தான் பேசினேன். "அண்ணே, 14 அடின்னா 10,900னு எழுதித் தர்றோம். 12,000னு எழுதணும்னா பதினஞ்சரை அடி போட்டுக்கலாம், வண்டி ஆர்.சி. புத்தகத்துல மொத்த எடை தாங்குதான்னு பாத்துக்கலாம். தடுப்பு இல்லாம செய்ய மாட்டோம்" என்றேன். அவர் சிரித்தார். "பெயின்ட்டுல எழுதறதுக்கு ஏம்மா இவ்ளோ கணக்கு? நீங்க செய்யலைன்னா பக்கத்துல பத்துப் பேர் செய்வாங்க" என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு வேலை வரவே இல்லை. ஏப்ரல் தவணை எப்படியோ கட்டினேன். மே மாதத் தவணை கட்ட முடியவில்லை. குழுக் கூட்டத்தில் கணக்கு நோட்டில் மற்றவர் பேருக்கு நேராக "கட்டியது" என்று எழுதிவிட்டு, என் பேருக்கு நேராக "பாக்கி" என்று நானே எழுதினேன். அபராதத்தையும் நானே எழுதினேன். அதை எழுதக் கை எப்படி நடுங்கியது தெரியுமா? வீட்டுக்கு வந்து அவரிடம் கோபப்பட்டேன். "அன்னிக்கு நான் பேசாம இருந்திருக்கணும், நீங்களாவது என்னைத் தடுத்திருக்கணும்" என்று கத்தினேன். அவர், "நீ சொன்னது சரின்னுதான் நானும் பேசாம இருந்தேன்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை.

ஜூன் மாதமும் பாக்கி விழுந்தது. குழுவில் ஒரு அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார், "வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிட்டு இப்ப பாக்கி சொல்றியே, இது நியாயமா? எல்லாரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்று. அவர் கேட்டது சரிதான். நான் திருப்பி அனுப்பியது என் மனசாட்சிக்காக. பாக்கி விழுந்தது 12 பேர் தலையில். அன்று நான் எழுந்து முழுக்கணக்கையும் சொன்னேன், 14 அடி, 385 கன அடி, 73 குடம் எல்லாம். யாரும் உடனே கைதட்டவில்லை. ஆனால் அந்த அக்கா கேட்டார், "அப்ப நம்ம தெருவுக்கு வர்ற லாரியில எவ்ளோ இருக்கு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.

நாங்கள் அப்போது பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து லாரித் தண்ணி வாங்கிக்கொண்டிருந்தோம். அது எப்படிப்பட்ட காலம் என்று நினைவிருக்கும். சென்னைக்கு ரயிலில் தண்ணி கொண்டுவந்த வருஷம் அது. 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர், அதாவது வேகனுக்கு 50,000 லிட்டர். டி.வி.யில் பார்த்தபோது என் கண் தண்ணியைப் பார்க்கவில்லை, அந்த வேகன்களைத்தான் பார்த்தது. அதுவும் தொட்டிதானே, யாரோ பற்றவைத்ததுதானே. வேகனுக்கு இவ்வளவு லிட்டர் என்று ஊருக்கே சொல்கிறார்கள். நம்ம தெரு லாரிக்கு மட்டும் ஏன் அளவு இல்லை?

அடுத்த லோடு வந்தபோது நாங்கள் நாலு பேர் டேப்போடு நின்றோம். பின்பக்கத்து மூடியில் அகலமும் உயரமும் அளந்தோம். பக்கத்தில் நடந்து நீளம் அளந்தோம். அகலம் ஏழரை, உயரம் 5, நீளம் 13 அடி. வெளியில் பெரிதாக 12,000 என்று எழுதியிருந்தது. கணக்கு 10,800 சொச்சம்தான் காட்டியது. டிரைவர் தம்பி பாவம், "அக்கா, நான் ஓட்டறவன்தான், ஓனரைக் கேளுங்க" என்றான். அவனைத் திட்டவில்லை. மோர் கொடுத்து, ஓனருக்குப் போன் போடச் சொன்னோம். ஓனர் முதலில் குதித்தார். "வேணாம்னா விடுங்க, ஆயிரம் பேர் கேக்கறாங்க" என்றார். அந்தக் கோடையில் அது உண்மையும்கூட. அன்றைக்கு முழுக்காசும் கொடுத்துத்தான் இறக்கினோம். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

ஆனால் விடவில்லை. பக்கத்துத் தெருக் குழுக்களோடு பேசினோம். மூன்று குழு சேர்ந்து, வாரத்துக்கு இத்தனை லோடு எங்களுக்கு வேண்டும், அளந்த அளவுக்குத்தான் காசு என்று தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு மூன்று லாரிக்காரர்களிடம் கேட்டோம். ஒருவர் ஒத்துக்கொண்டார். 10,800க்கு 10,800 காசு. அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தனியாக நின்று கேட்டால் "போம்மா" என்பார்கள். மூணு குழுவாகக் கேட்டால் "சொல்லுங்கம்மா" என்பார்கள்.

எங்கள் பட்டறைக்கும் அந்த ஜூலையில்தான் வழி பிறந்தது. படப்பைப் பக்கம் ஒரு விவசாயி டிராக்டருக்கு 5,000 லிட்டர் தொட்டி கேட்டு வந்தார். வட்டத் தொட்டி. குறுக்கே 5 அடி, நீளம் 9 அடி. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டரையை இரண்டரையால் பெருக்கி, 22/7 ஆல் பெருக்கி, ஒன்பதால் பெருக்கினால் 177 கன அடி கிட்ட வரும். லிட்டரில் சரியாக 5,000. அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எனக்கு இதுவரைக்கும் யாரும் கணக்கு காட்டினதில்லம்மா" என்றார்.

தொட்டி முடிந்ததும் கசிவு பார்க்க வேண்டும். அதற்குத் தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். அந்த வறட்சியில் 5,000 லிட்டருக்கு எங்கே போவது? காசு கொடுத்து வாங்கித்தான் நிரப்பினோம். காலையில் எழுந்து வாசல் தெளிப்பதற்கு முன்னால் போய் ஒவ்வொரு வெல்டு கோடாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தேன். அடியில் வால்வு சேருகிற இடத்தில் கை ஈரமானது. குண்டூசி முனை அளவு ஓட்டை. மனசு உட்கார்ந்துவிட்டது. ஆனால் அவர், "நல்லவேளை, இங்கேயே தெரிஞ்சுச்சு" என்றார். தண்ணியை வடித்தோம். வீணாக்கவில்லை, புது வெல்டிங் தூசி இருக்கும், குடிக்காதீங்க, துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்க என்று சொல்லித் தெருவுக்கே கொடுத்தோம். பாக்கியைக் கேட்டாரே அந்த அக்கா, அவரும் குடத்தோடு வந்தார். அந்த இடத்தைக் கடைந்து மறுபடி வெல்டு வைத்து, மறுபடி தண்ணி விட்டுப் பார்த்து, காய்ந்தபிறகு குடிநீருக்கு ஏற்ற எபாக்ஸி பூச்சு உள்ளே அடித்துக் கொடுத்தோம். உள்ளே சாதாரண பெயின்ட் அடிக்கக் கூடாது, அது தண்ணியில் இறங்கும்.

அந்தக் காசில் மே, ஜூன் பாக்கி இரண்டையும் அபராதத்தோடு கட்டினேன். நோட்டில் நானே "கட்டியது" என்று எழுதினேன். இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குப் பெரிய பட்டறை என்று இல்லை. வருஷத்துக்குச் சில தொட்டிதான். கொரோனா சமயத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடன் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தொட்டிக்கும் அளவுச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்தான்.

வீட்டில் வெல்டிங் வேலை நடக்கிற அக்காக்களுக்கு மட்டும் சில வார்த்தை.

தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யும்போது வெளியில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். போன் பார்த்துக்கொண்டு இல்லை, உள்ளே பார்த்துக்கொண்டு. எல்லா வாயும் திறந்திருக்க வேண்டும், காற்றாடி ஓட வேண்டும். ரொம்ப நாள் மூடிக்கிடந்த இரும்புத் தொட்டியில் துருப் பிடிக்கும்போதே உள்ளேயிருக்கும் பிராண வாயுவைத் தின்றுவிடும். பார்க்கக் காலியாகத்தான் இருக்கும், இறங்கினால் மயக்கம். மயங்கினவரைக் காப்பாற்ற யோசிக்காமல் இன்னொருவர் குதித்தால் இரண்டு பேரும் போவார்கள். முதலில் காற்று விடுங்கள், ஆள் கூப்பிடுங்கள், இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்க விடாதீர்கள்.

டீசல், எண்ணெய், கெமிக்கல் ஏற்றின பழைய டேங்கை "சின்ன ஒட்டுதான்" என்று கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். பெட்ரோல் ஏற்றும் டேங்குக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறை அனுமதி தனியாக உண்டு, அது நம்ம பட்டறை வேலை இல்லை. பால் டேங்கர் என்றால் எவர்சில்வர் தகடு, அதற்கும் வேறு தொழில் தெரிய வேண்டும். கழிவுநீர் லாரித் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்க வேண்டாம். அதில் வரும் விஷ வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

வெல்டிங் வெளிச்சத்தைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது. பார்த்தால் ராத்திரி கண்ணில் மண் போட்ட மாதிரி உறுத்தும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். அவர் பழைய பட்டறையில் இருந்தபோது நாங்களும் கைவைத்தியம்தான் பார்த்தோம், இப்போது அவருக்குக் கண்ணாடி இல்லாமல் சீட்டு படிக்க வராது. அது வயசாலயா வெளிச்சத்தாலயா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு கணக்கு. கைப்பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். வட்டமோ, முட்டை வடிவமோ, தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவதை 22 ஆல் பெருக்குங்கள். அதுதான் லிட்டர். கொஞ்சம் குறைத்துக் காட்டும், அது பரவாயில்லை. 14, 7, 5 என்றால் 490. 22 ஆல் பெருக்கினால் 10,780. எட்டாவது படிக்கிற பிள்ளை போட்டுச் சொல்லிவிடும். பெட்டி மாதிரித் தொட்டி என்றால் 22க்குப் பதில் 28. எழுதியிருப்பதற்கும் இருப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் முதலில் மரியாதையாகக் கேளுங்கள், குழுவாகக் கேளுங்கள். கேட்காவிட்டால், எடையளவு முத்திரை விஷயம் எல்லாம் தொழிலாளர் துறையில்தான் பார்க்கிறார்கள், அங்கே மனு கொடுக்கலாம்.

நம்ம குழுவில் ஒரு ரூபாய் குறைந்தால் விடுவோமா? கூட்டம் முடியாது, நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். பருப்பு வாங்கினால் தராசு முள்ளைப் பார்க்கிறோம், பூ வாங்கினால் முழம் போட்டுப் பார்க்கிறோம். 12 டன் தண்ணியை மட்டும் எழுதியிருக்கிற எழுத்தை நம்பி வாங்குகிறோம். இனிமே வேண்டாம். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

எனக்குக் கடன் கொடுத்ததும், பாக்கி விழுந்தபோது முகத்துக்கு நேராகக் கேட்டதும் என் குழுதான். இரண்டுக்கும் நன்றி.